வேர் பிடித்த நாளே வேலை முடிந்த நாள்

குளிர்ப் பிரதேசத்திலுள்ள ஒரு விளையாட்டரங்கின் புற்றரையையும் அதன் நீர்ப்பாசன ஏற்பாட்டையும் புதுப்பிக்கும் வேலை எந்த நாளில் முடிவடைந்ததாகக் கொள்ள வேண்டும்? ஒப்பந்தக்காரர் கடைசிக் குழாயைப் பூட்டிவிட்டுச் செல்லும் நாளா? தரை முழுவதும் பசுமை படர்ந்து கண்ணுக்கு இனிதாகத் தோன்றும் நாளா? அல்லது புல்லின் வேர் மண்ணை இறுகப் பற்றிக்கொண்டு, ஓடி வந்து விழும் ஓர் ஆட்டக்காரரின் எடையைத் தாங்கும் வலிமை பெறும் நாளா? இம்மூன்றும் ஒரே நாளில் நிகழ்வனவல்ல. வெப்பப் பிரதேசத்தில் இவற்றிற்கிடையே சில வாரங்களே செல்லும். குளிர்ப் பிரதேசத்திலோ பல மாதங்கள் செல்லக்கூடும். இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளாமல் பந்தய அட்டவணை வகுப்பதே குளிர்ப் பிரதேச மைதானங்களுக்கு நேரும் இடர்களில் பலவற்றுக்கு மூலகாரணம் என்பது எமது அபிப்பிராயம். அதனை இங்குச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தர்மசாலா தரும் பாடம்

நம் நாட்டிலேயே இதற்குத் தக்க உதாரணம் இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டத்தில், தவளதார் மலைத்தொடரின் அடிவாரத்தில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் தர்மசாலா கிரிக்கெட் மைதானம் அமைந்துள்ளது. ஆஸ்திரேலிய அணியுடன் 2023 மார்ச் 1-ஆம் நாள் தொடங்கவிருந்த மூன்றாவது டெஸ்ட் பந்தயம் அங்கு நடைபெறுவதாக இருந்தது. அம்மைதானத்தின் 'அவுட்ஃபீல்டு' எனப்படும் வெளிப்பரப்பு அதற்குமுன் புதிய வடிகாலுடன் மீண்டும் அமைக்கப்பட்டிருந்தது. எனினும், கடுங்குளிரின் காரணமாகப் புல் போதிய அடர்த்தி பெறவில்லை என்றும், அது முழுமையாக வளர இன்னும் காலம் வேண்டும் என்றும் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில் அறிவித்து, பந்தயத்தை இந்தூருக்கு மாற்றியது. அம்முடிவு சரியான முடிவே. பசுமையை மட்டும் நோக்காது அடர்த்தியையும் நோக்கியதால் அம்முடிவு பாராட்டத்தக்கது.

மே மாதத்தில் அங்கு இருபது ஓவர் பந்தயங்கள் இரண்டு நடைபெற்றன. பின்னர் பருவமழை வந்து சென்றது. அக்டோபர் 7-ஆம் நாள் உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஆப்கானிஸ்தானும் வங்காள தேசமும் அம்மைதானத்தில் மோதின. எல்லைக்கோட்டருகே பந்தைத் தடுக்கச் சறுக்கி விழுந்த ஆப்கானிஸ்தான் ஆட்டக்காரர் முஜீப் உர் ரஹ்மானின் முழங்கால் தரையில் புதைந்து, புல்லும் மண்ணும் சேர்ந்து பெயர்ந்தன. அவருக்குப் பெருங்காயம் நேராதது அதிருஷ்டமே என்று அவ்வணியின் பயிற்சியாளர் ஜோனாதன் டிராட் பந்தயத்திற்குப் பின் கூறினார். அடுத்து அங்கு ஆடவிருந்த இங்கிலாந்து அணியின் தலைவர் ஜோஸ் பட்லரும் அவ்வெளிப்பரப்பின் நிலை மோசமானது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே மைதானத்தில் 2024 மார்ச் 7-ஆம் நாள் தொடங்கிய டெஸ்ட் பந்தயமோ இடமாற்றம் எதுவுமின்றி அங்கேயே நடைபெற்றது.

இந்நிகழ்ச்சிகளை எவரையும் குறை கூறும் பொருட்டு இங்கு எடுத்துக்காட்டவில்லை. முந்திய ஆண்டு மார்ச்சில் ஆகாதது மறு ஆண்டு மார்ச்சில் ஆயிற்று. இடமும் ஒன்றே, மாதமும் ஒன்றே. இடையில் கழிந்த காலம், பொருளாலும் ஆளாலும் மட்டும் ஈடு செய்ய இயலாத ஒரு வேலையைச் செய்திருக்கிறது. அவ்வேலை யாது என்பதை அறிய, புல்லின் இயல்பை நோக்க வேண்டும்.

புல்லின் நாட்காட்டி

மைதானப் புற்களை வெப்பகாலப் புற்கள், குளிர்காலப் புற்கள் என இருவகையாகப் பிரிப்பர். நம் வயல் வரப்புகளில் தானாகவே படரும் அறுகம்புல் முதல் வகையைச் சார்ந்தது. உலகின் வெப்பப் பிரதேசங்களில் பெர்முடா என்னும் பெயரால் போற்றப்படும் மைதானப் புல் இந்த அறுகேயாகும். காற்றின் உஷ்ணநிலை 27 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும்பொழுது இது செழித்துப் படரும். மண்ணின் உஷ்ணநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வளர்ச்சி நின்று, நிறம் பழுத்து, உறக்கநிலையை அடையும். இறந்துவிட்டதுபோல் தோன்றினும் தரைக்கடியிலுள்ள தண்டு உயிருடன் இருக்கும். ஆயினும் உறங்கும் புல்லுக்கு ஒரு குறை உண்டு; மிதிபட்ட இடத்தை அது அடுத்த வெயில் காலம் வரை ஆற்றிக்கொள்ள இயலாது.

ரைபுல், கென்டக்கி நீலப்புல் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றின் இலை 15 முதல் 24 டிகிரி வரையிலும், வேர் 10 முதல் 18 டிகிரி வரையிலும் நன்கு வளரும். ரைபுல்லின் விதை ஏற்ற சூழ்நிலையில் ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் முளைத்துவிடும். ஆனால் அது குத்துக் குத்தாக வளர்வதேயன்றிப் பக்கவாட்டில் படர்ந்து வெற்றிடத்தை மூடுவதில்லை. நீலப்புல் மண்ணுக்குள் கிழங்குத் தண்டுகளை ஓட்டிப் பின்னிப் பிணைந்து தரையைக் கட்டும். ஆனால் அது முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். விரைந்து பசுமை தருவது ஒன்று, இறுகப் பிடிப்பது மற்றொன்று. இதனாலேயே குளிர்ப் பிரதேசங்களில் இரண்டையும் கலந்து விதைக்கும் வழக்கம் ஏற்பட்டது. ரைபுல்லின் பசுமையைக் கண்டு, நீலப்புல்லின் வேலையும் முடிந்ததென்று எண்ணுவது தவறு.

ஆகவே குளிர்ப் பிரதேசத்தில் புதுப்பிப்பு வேலைக்கு நாள் குறிப்பது மண்ணின் உஷ்ணநிலையே. கோடை தணிந்து, மண்ணில் வெதுவெதுப்பு எஞ்சியிருக்கும் முன்பனிக்கு முந்திய வாரங்களே விதைப்புக்குச் சிறந்தவை. வசந்தத்தின் தொடக்கம் அதற்கு அடுத்தபடியானது. தர்மசாலா போன்ற இடத்தில் பருவமழை ஓய்வதற்கும் குளிர் இறுகுவதற்கும் இடையே கிடைக்கும் அவகாசம் இரண்டு மாதத்திற்குச் சற்றே கூடுதலாக இருக்கும். அந்தக் காலத்தைத் தவறவிட்டு மார்கழியில் விதைத்தவன், பங்குனியில் பந்தயத்திற்கு நாள் குறிப்பானாயின் அவன் புல்லோடு வழக்காடுகிறவனேயன்றிப் புல் வளர்ப்பவன் அல்லன்.

நிழலின் கணக்கையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தர்மசாலா ஏறத்தாழ 32 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் பகல் மிகக் குறுகிய நாளன்று, நண்பகலிலேயே சூரியன் தொடுவானத்திற்கு மேல் சுமார் 34 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அன்று 10 மீட்டர் உயரமுள்ள ஒரு சுவரின் நிழல் நண்பகலில் 14 மீட்டருக்கு மேல் நீளும். அரங்கத்தின் தென்புறத்தே உயர்ந்த இருக்கை வரிசை இருப்பின், அதனையடுத்த புற்பகுதி குளிர்காலம் முழுவதும் வெயில் காணாது. ஒரே மைதானத்தில் வடபாதியும் தென்பாதியும் இருவேறு தட்பவெப்பங்களில் வாழ்கின்றன எனலாம். இரண்டுக்கும் ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு நீர் விட்டு, ஒரே நாளில் பலன் எதிர்பார்ப்பது பொருந்தாது.

வடிகாலே முதல் வெப்ப சாதனம்

குளிரை வெல்லத் தரைக்கடியில் வெப்பமூட்டினால் போதாதா என்னும் கேள்வி எழுவது இயற்கையே. அந்தப் பரிசோதனை அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் எவர்டன் கால்பந்துக் கழகத்தின் குடிசன் பார்க் மைதானத்தில் 1958-ஆம் ஆண்டு, புற்றரைக்கடியில் சுமார் 20 மைல் நீளமுள்ள மின்கம்பி பதிக்கப்பட்டது. கம்பி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. உறைபனியும் வெண்பனியும் உருகின. ஆனால் உருகிய நீர் அத்தனையையும் ஏற்றுக்கொள்ளப் பழைய வடிகாலுக்குத் திறன் இல்லை. ஆகவே 1960-இல் தரையை மீண்டும் பெயர்த்து, புதிய வடிகால் இட வேண்டியதாயிற்று. வெப்பத்திற்குச் செய்த செலவு வீணாகாமல் இருக்க, முதலிலேயே நீருக்கு வழி செய்திருக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே நகரிலுள்ள லாம்போ மைதானத்தின் வரலாறும் இதையே உறுதிப்படுத்துகிறது. அங்கு 1967-இல் மின்கம்பி வெப்ப சாதனம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நடந்த இறுதிப் பந்தயத்தன்று உஷ்ணநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி சென்டிகிரேடு. இரவு முழுவதும் தார்ப்பாயால் மூடியிருந்த தரையில் ஈரம் தங்கியிருந்தது. பாயை நீக்கியதும் அந்த ஈரம் கடுங்குளிரில் உறைந்து, தரை வழுக்கும் பனிக்கட்டியாயிற்று. பின்னர் 1997-இல் மின்கம்பிகளுக்குப் பதிலாக உறையாத திரவம் ஓடும் குழாய்கள் இடப்பட்டன. 2007-இல் வெப்ப ஏற்பாட்டோடு வடிகாலும் புதுப்பிக்கப்பட்டு, இயற்கைப் புல்லினூடே செயற்கை இழைகள் தைத்த தரை அமைக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் அங்கு மாறியவை பலவாயினும், நீரை வெளியேற்றும் பிரச்சினை ஒவ்வொரு முறையும் எதிர்நின்றது.

இதன் விஞ்ஞான காரணம் எளியது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய வெப்பம், அதே எடையுள்ள உலர்ந்த மண்ணைச் சூடாக்க வேண்டிய வெப்பத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. நீர் தேங்கிய மண் வசந்தகாலத்தில் வெயிலை உண்டும் சூடேறாமல் கிடப்பது இதனாலேயே. தேங்கிய நீரை வடித்துவிட்டால் அதே வெயிலில் மண் விரைவில் வெதுவெதுப்படைகிறது; வேரும் சில நாள் முன்னதாகவே விழித்துக்கொள்கிறது. ஆகவே குளிர்ப் பிரதேசத்தில் வடிகால் என்பது மழைநீருக்கான ஏற்பாடு மட்டுமன்று. அதுவே செலவு குறைந்த முதல் வெப்ப சாதனமும் ஆகும்.

இதற்கு உகந்த தரையமைப்பு நெடுநாளாக அறியப்பட்டதே. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறையின்படி, அடியில் துளைக் குழாய்களும், அவற்றின் மேல் 4 அங்குலச் சரளையும், அதன் மேல் 12 அங்குல மணற்கலவையும் அமைக்கப்படும். பருமணலிலிருந்து சரளைக்கு நீர் உடனே இறங்கிவிடும் என்று நாம் எண்ணுவோம், அவ்வாறு நிகழ்வதில்லை. நனைந்த பஞ்சு முழுவதும் நிறைந்த பின்னரே சொட்டத் தொடங்குவதுபோல், மணற்படை நீரால் நிறையும் வரை அதனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மிகும் நீரையே சரளைக்கு விடும். வறட்சியில் வேருக்குச் சேமிப்பாகவும், பெருமழையில் தடையில்லாத வழியாகவும் இந்த ஒரே அமைப்பு உதவுகிறது. ஆனால் இதன் மேல் வேறிடத்துக் களிமண்ணோடு வெட்டியெடுத்த புற்பாளங்களை அப்படியே பரப்பினால், மேலே களியும் கீழே மணலுமாக இரண்டு படைகள் ஒட்டாமல் நிற்கும். நீர் களியிலேயே தங்கும். வேரும் கீழே இறங்க மறுக்கும். பல லட்சம் செலவிட்ட வடிகால் அரை அங்குலக் களிமண்ணால் பயனற்றுப் போவதுண்டு.

நீர் பாய்ச்சும் கலை

தர்மசாலாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. அவ்வளவு மழை பெறும் இடத்திற்கு நீர்ப்பாசனம் எதற்கு என்று சிலர் வினவலாம். பருவமழைக்கு முந்திய வைகாசி வெயிலிலும், மழை ஓய்ந்த பின் வரும் உலர்ந்த குளிரிலும் புல் நீருக்கு ஏங்குகிறது என்பதே விடை. உறைந்த அல்லது மிகக் குளிர்ந்த மண்ணிலிருந்து வேர் நீரை உறிஞ்ச இயலாதபோது, உலர்ந்த காற்று இலையின் ஈரத்தைப் பறித்துக்கொண்டே இருக்கும். குளிரால் மடிந்ததாகக் கருதப்படும் புல்லில் ஒரு பகுதி உண்மையில் தாகத்தால் மடிந்ததாகும்.

இரண்டு கணக்குகளை நினைவில் வைத்தால் வேலையின் அளவு விளங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஒரு லிட்டர். கிரிக்கெட் மைதானம் ஒன்றின் பரப்பைச் சுமார் 15,000 சதுர மீட்டர் என்று கொண்டால், ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் பாய்ச்ச 75,000 லிட்டர் வேண்டும். அதே பரப்பில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் வடிகால் வெளியேற்ற வேண்டியது 15 லட்சம் லிட்டர். பாசனத்தையும் வடிகாலையும் தனித்தனி ஒப்பந்தங்களாகப் பிரித்து, தனித்தனி ஆண்டுகளில் செய்வது ஏன் தகாது என்பதை இந்த இரண்டு எண்களே உணர்த்தும். ஒரே தரையின் வரவும் செலவும் ஒரே கணக்கேட்டில் இருக்க வேண்டும்.

குளிர்ப் பிரதேசப் பாசனக் குழாய்க்குத் தனி எதிரி ஒன்று உண்டு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. குழாயிலும் வால்விலும் தங்கிய நீர் உறைந்தால் அவற்றைப் பிளந்துவிடும். அப்பிளவு பனிக்காலத்தில் தெரிவதில்லை. வசந்தத்தில் முதன்முதலாக நீர் திறக்கும்போதே தெரியவரும். அதற்குள் அந்த இடத்துப் புல் அவசியமான முதல் நீரை இழந்திருக்கும். ஆகவே பிரதான குழாயை உறைபனி எட்டாத ஆழத்தில் பதித்தல், தாழ்ந்த இடங்களில் வடிப்பு வால்வு வைத்தல், கடும்பனிக்கு முன் காற்றழுத்த இயந்திரத்தால் கிளைக்குழாய்களிலுள்ள நீரை ஊதி வெளியேற்றுதல் ஆகிய மூன்றும் புதுப்பிப்புத் திட்டத்திலேயே இடம் பெற வேண்டும். இவற்றைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால் ஏற்படும் நஷ்டம் ஆண்டுதோறும் திரும்பி வரும்.

நீர் பாய்ச்சும் முறையும் வேரின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. விதை முளைக்கும் வரை மேற்பரப்பை அடிக்கடி, சிறிது சிறிதாக நனைக்க வேண்டும் என்பது உண்மை. முளைத்த பின்னரும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தால், வேர் மேலே கிடைக்கும் ஈரத்தில் திருப்தியடைந்து ஆழம் செல்லாது. மேலும் எப்பொழுதும் ஈரமாயிருக்கும் இலையில் பூஞ்சக்காளான் நோய் எளிதில் பற்றும். இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி நீர் பாய்ச்சினால், இறங்கும் ஈரத்தைத் தேடி வேரும் இறங்கும். பச்சைப் பசேலென்று தோன்றிய தரை மிதித்தவுடன் பாய்போல் சுருண்டு பெயர்வதற்கு, அளவுக்கு மீறிய அன்போடு நாள்தோறும் விட்ட நீரும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

எதிர்வாதங்கள்

பந்தயம் என்பது பெரும் பணம் புரளும் ஏற்பாடு. புல்லுக்காக அதனை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதி நகரங்களில் ஒரு பெரிய பந்தயம் நடைபெறுவதால் விடுதிக்காரர்கள், வண்டியோட்டிகள், சிறு வியாபாரிகள் ஆகிய பலருக்கும் வருவாய் கிடைக்கிறது. ஆனால் நாள் குறித்த பின் பந்தயத்தை வேற்றூருக்கு மாற்றினால், அவர்களே முதலில் நஷ்டமடைகிறார்கள். ஓராண்டு முன்னதாகவே 'இப்பருவத்தில் பந்தயம் இல்லை' என்று அறிவிப்பதால் ஏற்படும் நஷ்டம் அதைவிடக் குறைவு.

புதிய சாதனங்களால் காலத்தைச் சுருக்கலாம் என்பது மற்றொரு வாதம். கனமாக வெட்டிய புற்பாளங்கள் தம் எடையாலேயே தரையில் நிற்கும். சில நாட்களிலேயே ஆடவும் முடியும். ஐரோப்பிய அரங்குகளில் நிழற்பகுதிகளுக்கு விளக்கொளி ஊட்டுகிறார்கள். பெங்களூர் சின்னசாமி அரங்கில் 2017 முதல், தரைக்கடியிலிருந்து நீரை உறிஞ்சியெடுக்கும் இயந்திர ஏற்பாடு இருக்கிறது. தர்மசாலாவிலும் 2024 மே மாதத்தில், நூற்றுக்கு ஐந்து பங்கு செயற்கை இழை கலந்த ஆடுகளம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இவற்றுள் எதுவும் வேருக்குப் பதிலாகாது. வேருக்குத் துணையே ஆகும். செயற்கை இழையும் தன்னைச் சுற்றி வேர் பின்னிக்கொண்ட பின்னரே தன் முழுப்பயனைத் தருகிறது. துணையை முதலாகக் கொண்டு கணக்கிடுவதையே நாம் மறுக்கிறோம்.

செய்ய வேண்டுவன

எமது யோசனை இதுதான். குளிர்ப் பிரதேசத்தில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட எந்த மைதானமும், ஒரு முன்பனிக்காலம், ஒரு வசந்தம், ஒரு மழைக்காலம் ஆகிய மூன்றையும் கண்ட பின்னரே பெரும் பந்தயத்திற்குத் திறக்கப்பட வேண்டும். முன்பனியில் வேர் இறங்குகிறது, வசந்தத்தில் அடர்கிறது, மழையில் அது சோதிக்கப்படுகிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சோதனை நிறைவு பெறாது. வசந்தத்தில் பந்தயம் தாங்கிய தரை, மழைக்குப் பின்னும் தாங்கும் என்பது நிச்சயமன்று. தர்மசாலாவில் மே மாதத்தையும் அக்டோபர் மாதத்தையும் ஒப்பிட்டு நோக்குவோர் இதனை உணர்வர்.

அதற்கு மேல், திறக்கும் நாளைத் தீர்மானிப்பது நாட்காட்டி மட்டுமாக இல்லாமல் அளவைகளாகவும் இருத்தல் வேண்டும். அவ்வளவைகள் எளியவை, பெரும்பாலானவற்றை ஒரு பள்ளிக்கூடத்திலும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, மண்ணின் உஷ்ணநிலை. நான்கு அங்குல ஆழத்தில் ஒரு வெப்பமானியைச் செருகி, நாள்தோறும் ஒரே நேரத்தில், வெயில்படும் இடத்திலும் நிழலிலும் தனித்தனியே குறித்து வர வேண்டும். காற்றின் உஷ்ணநிலையைக் கொண்டு மண்ணின் நிலையை ஊகித்தல் கூடாது. மண் எப்பொழுதும் காற்றுக்குப் பின்னேதான் சூடேறும், பின்னேதான் குளிரும்.

இரண்டாவது, நீர்ப் பகிர்வு. ஒரே அளவான பால் பவுடர் டப்பாக்கள் இருபதை மைதானத்தில் சம இடைவெளியில் வைத்து, தெளிப்பான்களைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் சேர்ந்த நீரின் உயரத்தை அளக்க வேண்டும். மிகக் குறைவாக நிறைந்த ஐந்து டப்பாக்களின் சராசரியை எல்லா டப்பாக்களின் சராசரியால் வகுக்க வேண்டும். உதாரணமாக மொத்தச் சராசரி 6 மில்லிமீட்டராகவும், குறைந்த ஐந்தின் சராசரி 3 மில்லிமீட்டராகவும் இருப்பின் விடை பாதி. அதாவது மைதானத்தின் கால் பகுதி தனக்குரியதில் பாதியே பெறுகிறது. அங்குப் புல் மெலிந்திருப்பதற்கு விதையைப் பழிப்பதில் பொருளில்லை.

மூன்றாவது, நீர் உட்செல்லும் வேகம். இருபுறமும் திறந்த ஓர் உலோக வளையத்தைத் தரையில் இறுக்கிப் பதித்து, நீர் ஊற்றி, அது மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மணற்படை அமைப்பில் புதிய தரைக்கு மணிக்கு 150 மில்லிமீட்டருக்குக் குறையாத வேகத்தை எதிர்பார்க்கலாம். மழைக்காலம் முடிந்த பின் மீண்டும் அதே இடத்தில் அளந்து ஒப்பிட வேண்டும்.

நான்காவதும் முடிவானதும் வேரின் பிடி. ஒரு கத்தியால் கைக்குட்டை அளவுள்ள ஒரு சதுரத்தின் மூன்று பக்கங்களை வெட்டி, விளிம்பைக் கையால் பற்றித் தூக்கிப் பார்க்க வேண்டும். போர்வைபோல் எளிதில் எழுந்து வருமாயின் வேலை முடியவில்லை. மண்ணோடு சேர்ந்து எதிர்த்து நிற்குமாயின், ஒரு சிறு பாளத்தை ஆழமாக வெட்டியெடுத்து வேரின் நீளத்தை அங்குலக்கோலால் அளந்து பதிவு செய்ய வேண்டும். வசதியுள்ள இடங்களில், எடையொன்றை உயரத்திலிருந்து விழச் செய்து தரையின் கடினத்தை அளக்கும் கருவியையும், பூட்ஸின் ஆணிகள் திருகும்போது தரை தரும் எதிர்ப்பை அளக்கும் கருவியையும் பயன்படுத்தலாம். அவை இல்லாத இடத்தில் கத்தியும் அங்குலக்கோலும் போதும்.

இவ்வளவைகளைப் பதிவு செய்யும் ஏடு மைதானப் பராமரிப்பாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும். அந்த ஏட்டில் அவர் கையெழுத்திட்டு, தரை தயாராக இருக்கிறது என்று எழுதும் வரை பந்தயத் தேதியை உறுதி செய்யலாகாது. இன்று பல இடங்களில் தேதி முதலில் வருகிறது. பராமரிப்பாளர் அதற்கேற்பத் தரையைத் 'தயார்' செய்யும்படி பணிக்கப்படுகிறார். இம்முறையைத் தலைகீழாக மாற்றுவதற்குப் புதிய இயந்திரமோ, அந்நியச் செலாவணியோ தேவையில்லை; ஒரு நிர்வாக உத்தரவு போதும். ஆட்டக்காரர் ஒருவரின் முழங்காலுக்கு உண்டாகும் சேதம் அவருடைய ஜீவனத்தையே அழிக்கக்கூடும் என்பதை எண்ணினால், இந்தக் கோரிக்கை மிகையானதன்று.

இத்தகைய அரங்குகள் நமக்குத் தொலைவில் உள்ளன என்று தமிழ்நாட்டு வாசகர் எண்ண வேண்டியதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை மாதங்களில் உறைபனி படிகிறது; அங்குள்ள பள்ளி மைதானங்களும் இதே விதிகளுக்கு உட்பட்டவையே. சமவெளியில்கூட, மண் உஷ்ணம் என்னும் இடத்தில் மழையையும் வெயிலையும் வைத்துப் பார்த்தால் அடிப்படை மாறுவதில்லை. ஆசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டு ஒரு பருவம் முழுவதும் பள்ளி மைதானத்தின் மண் உஷ்ணத்தையும், டப்பாக் கணக்கையும், வேரின் நீளத்தையும் பதிவு செய்வார்களாயின், தாவரவியல், பௌதிகம், கணிதம் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே நிலத்தில் கற்பிக்கப்பட்டனவாகும். கள ஊழியர்களோ, தாம் மேற்பார்க்கும் ஒவ்வொரு புற்றரை வேலைக்கும் முடிவுச் சான்றிதழ் எழுதுமுன், கத்தியை எடுத்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கும் வழக்கத்தை மேற்கொள்ள வேண்டுகிறோம். தரை எழுந்து வந்தால், சான்றிதழ் காத்திருக்கட்டும்.